இலை தளிர்க்கும் காலத்தில் ஒரு நாள் பயணம்

நம் நாட்டில் வசந்த காலம் எனத் தனியாக ஒரு பருவம் இல்லை. ஜப்பானியர் செர்ரி மலரும் நாள்களில் நண்பருடன் மரத்தடியில் கூடி மகிழ்வர். நமக்கு அவ்வாய்ப்பு இல்லையே என ஏங்க வேண்டியதில்லை. தோட்டத்தில் வாழ்வோருக்கு ஆண்டுதோறும் ஒரு வசந்தம் வரவே செய்கிறது. தை, மாசி மாதங்களில் ரப்பர் மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன. சில வாரங்களில் செம்பு நிறத் தளிர்கள் தோன்றிப் பின்னர் பசுமையடைகின்றன.

பால் குறைவது ஏன்?

இலையே மரத்தின் சமையற்கூடம். இலை உதிர்ந்தபின், மரம் தான் சேமித்து வைத்த உணவைக் கொண்டே புதிய தளிர்களை உருவாக்குகிறது. ஆதலால் பால் குறைகிறது. நம் வருமானமும் குறைகிறது. அக்கவலையால் நம்மில் பலர் ஓய்வு நாளிலும் வெளிவேலை தேடிச் செல்கின்றனர். அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளருக்கு அளித்துள்ள உரிமையாகும். இப்பருவத்தில் அத்தகைய நாள் ஒன்றையேனும் நண்பருடன் வெளியே சென்று கழிக்கலாம்.

நாம் சென்ற இடம்

ஒரு மாசி மாதத்தில், முப்பது ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டிவரும் நண்பர் ஒருவருடன் கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்திற்குச் சென்றோம். நண்பர் கிள்ளானில் இரயில் ஏறினார். நாம் பிரிக்பீல்ட்ஸிலுள்ள சென்ட்ரல் நிலையத்தில் அதே வண்டியில் சேர்ந்துகொண்டோம். கிள்ளான் பகுதியையும் கோலாலம்பூரையும் இணைத்து 1886ஆம் ஆண்டிலேயே இரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. கெப்போங் நிலையத்தில் இறங்கி, வாடகை வண்டியில் கழகத்தை அடைந்தோம்.

அங்குள்ள காடு தானாக வளர்ந்ததன்று. ஈயம் தோண்டப்பட்டும் காய்கறி பயிரிடப்பட்டும் வளமிழந்து கிடந்த நிலத்தில், 1920ஆம் ஆண்டுகளில் மரக்கன்றுகள் நடப்பட்டன. 1929இல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இன்று 500 ஹெக்டருக்கும் மேற்பட்ட பரப்பில் அக்காடு ஓங்கி நிற்கிறது. 2025இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. கெட்டுப்போன நிலத்தையும் மனிதர் கை திருத்த முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அங்கே கப்பூர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. முற்காலத்தில் பச்சைக் கற்பூரம் இம்மரத்திலிருந்தே கிடைத்தது. அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடுவதில்லை. இடையே வாய்க்கால்களைப் போல வானம் தெரிகிறது.

நண்பர் நெடுநேரம் மேலே பார்த்தவாறு நின்றார். "ஐயா, இத்தனை ஆண்டுகளாக மரத்தின் பட்டையைத்தான் பார்த்து வந்தேன். உச்சியைப் பார்க்க நேரமே இருந்ததில்லை," என்றார். மறுவாரம் அவரைக் கண்டபோது, தம் நிரையில் தளிர்விட்ட மரங்களைப் பேரனுக்குக் காட்டியதாகக் கூறினார். அப்பயணத்தின் பயன் அதுவே.

புறப்படும் முன்

1. திறந்திருக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் முன்னதாக விசாரித்துக்கொள்க.
2. காலையிலேயே புறப்படுக. கட்டுச்சோறும் குடிநீரும் கொண்டு சென்றால் செலவு குறையும்.
3. தனியே செல்லாதீர். செல்லுமிடத்தை வீட்டாரிடம் கூறிச் செல்க.
4. பிற்பகலில் இடி முழங்கினால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்திற்குள் செல்க.
5. செடி கொடிகளைப் பறிக்காதீர். குப்பையைத் திரும்பக் கொண்டு வருக.

கெப்போங் தொலைவாயின் அருகிலுள்ள குன்றோ ஆற்றங்கரையோ போதும். பேச ஒரு நண்பரும், பார்க்கச் சிறிது ஓய்வும் இருந்தால் பயணம் நிறைவுறும்.

சிந்திக்க

1. இலையுதிர் காலத்தில் பால் குறைவது ஏன்?
2. கெப்போங் காடு எத்தகைய நிலத்தில் உருவாக்கப்பட்டது?
3. அடுத்த ஓய்வு நாளில் நீங்கள் யாருடன், எங்குச் செல்வீர்கள்?