“விசுவாசம் பத்தல” என்று சொல்லுமுன்

ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி போகும் ரயிலில் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்கள். அது கிறிஸ்தவக் குடும்பம் என்றால், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு யாராவது நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பார்கள். நோயைவிட அந்த வார்த்தைகளே அதிகம் நோகடிப்பதும் உண்டு.

“விசுவாசி மனம் உடையலாமா? சாகணும்னு தோணுவதே விசுவாசக் குறைவு.”

அப்படியானால் எலியாவை முதலில் சபையிலிருந்து நீக்க வேண்டும். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவர், ஒரு ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். இராஜாக்களின் முதலாம் புத்தகம், 19ஆம் அதிகாரம். அங்கே வந்த தேவதூதன் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் மறுபடி வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கேள்வி கேட்பதெல்லாம் அதற்கப்புறம்தான். நம் ஊழியர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

யோபு தான் பிறந்த நாளையே சபித்தார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட விடியல் இல்லை. சிலுவையில் இயேசுவே கைவிடப்பட்டவரின் கதறலைக் கதறினார். இவற்றை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை.

“ஏதோ மறைந்த பாவம் இருக்கு.”

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்களும் இதையே கேட்டார்கள்; அவனும் காரணமல்ல, பெற்றோரும் காரணமல்ல என்று இயேசு சொல்லிவிட்டார் (யோவான் 9). சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்பதை அவர் ஏற்கவில்லை. இதற்குமேல் வாதம் தேவையில்லை.

“உண்மையாக ஜெபித்தால் குணமாகும். ஆகலைன்னா ஜெபத்தில்தான் குறை.”

இதற்குப் பதில் அந்த ரயில் போகிற வேலூரிலேயே இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ், கொச்சிக்குப் பக்கத்திலுள்ள செராயில் 1925இல் பிறந்தவர். சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. முகத்தில் தழும்பு. அவருக்காக ஜெபித்தவர்களுக்கா அங்கே பஞ்சம்? கால் திரும்பி வரவில்லை, கடைசிவரை வரவேயில்லை.

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் அங்கே வளர்த்தெடுத்துக்கொண்டிருந்தார். கையை மேசைமேல் வைத்துச் செய்யும் வேலை அது. மருத்துவர் நிற்க வேண்டியதில்லை. மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைக் கற்றுக்கொண்டு செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார். இவருடைய விசுவாசத்தில் குறை என்று எந்த மேடையில் நின்று சொல்வது? பவுலும் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது எடுபடவில்லை.

“ஜெபிக்கிறவனுக்கு மாத்திரை எதுக்கு?”

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் இருக்கிறது. பல மிஷன்கள் சேர்ந்து நடத்திய காசநோய் மருத்துவமனை. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் பிரிமோட்-மோல்லர் அதை உருவாக்கினார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். அதற்கு முந்தைய வருஷங்களில் அங்கே கொடுக்க முடிந்தது நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, பராமரிப்பு. ஜெபம் போதும் என்று அவர்கள் கட்டடம் கட்டாமல் இருந்துவிடவில்லை. உடம்புக்கு இப்படியென்றால் மனச்சோர்வு நோய்க்கு மட்டும் உபவாச ஜெபம், மருந்து வேண்டாம் என்பது என்ன நியாயம்?

“தற்கொலை செய்தவருக்கு மன்னிப்பே கிடையாது, சபைக் கல்லறையும் கிடையாது.”

கத்தோலிக்கச் சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, தெரிந்தே தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992இல் வந்த மறைக்கல்வி நூல், மனநோயும் கடும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், அவர்களுக்காகச் சபை மன்றாடுகிறது என்றும் சொல்கிறது. இழவு வீட்டு வாசலில் நரகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு யார் அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்களோ!

உங்கள் வீட்டிலோ சபையிலோ யாராவது வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் வசனம் தேடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், சாப்பிட வையுங்கள், தனியே விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.