களத்தில் ஒரு மீள்பார்வை

நுழையும்முன்
தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைப் பார்த்துக் கணப்பொழுதில் தீர்ப்புரைக்க வேண்டிய நடுவருக்கு விசாரிக்க நேரம் ஏது? அந்த நேரத்தை வழங்க வந்ததே காணொலி மீளாய்வு.

1992 நவம்பர் 14. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய அணி டெஸ்ட் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. 19 வயதேயான சச்சின் டெண்டுல்கர் ஓட்டம் எடுக்க முயன்று, பாதியில் திரும்பினார். அவர் கோட்டை எட்டுமுன் ஸ்டம்பு கலைக்கப்பட்டதா என்னும் ஐயம் எழுந்தது. களநடுவர் தாமே முடிவு கூறாமல், தொலைக்காட்சித் திரையின் முன் அமர்ந்திருந்த மூன்றாம் நடுவரிடம் அதனை ஒப்படைத்தார். பதிவை நிதானமாக ஓட்டிப் பார்த்தபின் டெண்டுல்கர் ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்பட்டார். பன்னாட்டுக் கிரிக்கெட்டில் இம்முறையால் ஆட்டமிழந்த முதல் வீரர் அவரே.

அன்று ஐயம் கொண்டவர் நடுவர், ஆகவே கேட்டார். நடுவருக்கு ஐயமே எழாதபோது நேரும் பிழையை என்செய்வது? 2008இல் இந்தியா, இலங்கை அணிகள் மோதிய தொடரில் இதற்கொரு வழி சோதித்துப் பார்க்கப்பட்டது. நடுவரின் முடிவின்மேல் முறையிடும் உரிமை வீரர்களுக்குக் கிடைத்தது. முடிவை எதிர்த்து முகம் சுளித்தாலே அபராதம் விதிக்கப்படும் விளையாட்டு அது. அங்கே, இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டும் ஒரு சைகை, சினமின்றி மறுப்பதற்கான வழியாயிற்று.

ஆயினும், பந்தின் பாதைக் கணிப்பை உள்ளடக்கிய இம்முறையை இருநாட்டுத் தொடர்களில் ஏற்க இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2016 வரை தயங்கியது. அத்தயக்கத்தை வெறும் பிடிவாதமெனத் தள்ளிவிட இயலாது. காலில் பட்டு நின்ற பந்து, படாதிருந்தால் எங்கே சென்றிருக்கும் என்பதை எந்த ஒளிப்படக் கருவியும் கண்டதில்லை. திரையில் தோன்றும் கோட்டின் பிற்பகுதி கணினியின் கணிப்பே ஆகும். எனவேதான், பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்பில் படும் எனக் கணினி காட்டினால், களநடுவர் முன்னர்க் கூறிய முடிவே நிலைக்கிறது. ஒரே பந்துக்கு ஒருவர் ஆட்டமிழப்பதும் மற்றொருவர் தப்புவதும் நீதியா எனப் பலர் நகைப்பர். தன் கணிப்பு எதுவரை செல்லும் என்பதைக் கருவி ஒளிக்காமல் கூறும் இடம் அதுவே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

கருவி இருந்தும் பயன்படாமற்போன நாளும் உண்டு. 2019 ஆகஸ்டு 25 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 359 ஓட்டங்களை இலக்காகக் கொண்டு இங்கிலாந்து ஆடியது. ஒன்பது விக்கெட்டுகள் வீழ்ந்துவிட்டன. தேவை இன்னும் 2 ஓட்டங்கள். நேதன் லயன் வீசிய பந்து பென் ஸ்டோக்சின் காலில் பட்டது. ஆஸ்திரேலியர் முறையிட்டனர், நடுவர் மறுத்தார். அப்பந்து ஸ்டம்பைத் தாக்கியிருக்கும் எனத் திரை பின்னர்க் காட்டியது. மீளாய்வு கேட்டிருந்தால் வெற்றி ஆஸ்திரேலியாவுக்கே. கேட்க அவர்களிடம் வாய்ப்பு எஞ்சவில்லை. அதற்கு முந்தைய ஓவரில்தான், லெக் ஸ்டம்புக்கு வெளியே தரையில் பட்டு ஜாக் லீச்சின் காலைத் தொட்ட ஒரு பந்துக்காக, கையிலிருந்த கடைசி வாய்ப்பையும் செலவிட்டிருந்தனர். இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வென்றது. பழி நடுவர்மேல் விழுந்தது. அவர் பிழை கணநேரப் பிழை. ஆனால், முறையிடலாமா என எண்ணிப் பார்க்க ஆஸ்திரேலியருக்கு 15 விநாடிகள் இருந்தன. ஆசை அவற்றை விழுங்கிவிட்டது.

மீளாய்வில் பிழை உறுதியானால், அதனைத் திருத்தி அறிவிப்பவர் மூன்றாம் நடுவர் அல்லர். பிழை செய்த களநடுவரே, நிறைந்த அரங்கின் நடுவே நின்று, கைகளை மார்பின் குறுக்கே கொண்டுசென்று தோள்களைத் தொடுகிறார். முந்தைய முடிவைத் திரும்பப் பெறுவதற்கான சைகை அது. பின்னர்ப் புதிய முடிவை அறிவிக்கிறார். விளக்கமோ சமாதானமோ அவர் கூறுவதில்லை. அடுத்த பந்து வீசப்படுகிறது. வீரர்கள் மீண்டும் அவரை நோக்கியே குரலெழுப்புகின்றனர்.