கொட்டாத குளவிக்கும் ஒவ்வாமையா?

கேள்வி: தேனீ கொட்டி மயங்கி விழுந்துவிட்டேன். பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் தேனீ, குளவி இரண்டுக்குமே ஒவ்வாமை இருப்பதாக வந்திருக்கிறது. குளவி என்னைக் கொட்டியதே இல்லையே! – வாசகர், கூடலூர்

பதில்: பயப்படாதீர்கள், குளவியைப் பற்றிய அந்த முடிவு பெரும்பாலும் அர்த்தமற்றதாக இருக்கலாம். இரண்டு விஷங்களிலும் உள்ள புரதங்களில் ஒரே மாதிரியான சர்க்கரைத் தொடர்கள் ஒட்டியிருக்கும். முழு விஷத்தை வைத்துச் செய்யும் பரிசோதனை அதைக் கண்டே ஏமாந்துவிடும்.

மருத்துவரிடம் தனிப் புரதப் பரிசோதனை கேளுங்கள். தேனீக்கு ‘ஏபிஐ எம் 1’ என்ற பாஸ்போலிபேஸ் புரதம். குளவிக்கு ‘ஆன்டிஜென் 5’. பின்னது தேனீ விஷத்தில் கிடையவே கிடையாது. முன்னது மட்டும் பாசிட்டிவ் என்றால் எதிரி தேனீதான். (உலர்ந்த தேனீ விஷத்தில் பாதி மெலிட்டின், வலி அதனால்தான். ஆனால் ஒவ்வாமையில் முன்னே நிற்பது சுமார் 12 சதவீதமே உள்ள பாஸ்போலிபேஸ்!)

இந்தத் தெளிவு ஏன் முக்கியம்? விஷத்தையே சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றும் சிகிச்சை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நடக்கும். தவறான விஷத்தை ஏற்றினால் அத்தனையும் வீண். முன்பு பூச்சியை முழுசாக அரைத்தே மருந்து எடுத்தார்கள். அது வெற்று ஊசியைவிட மேலானதல்ல, தூய விஷமே காக்கிறது என்று 1978இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு நிரூபித்தது. எத்தனை உயிர்களைக் காத்த ஆய்வு அது!

சிகிச்சை முடியும்வரை அட்ரினலின் ஊசி கைவசம் இருக்கட்டும். மீண்டும் கொட்டி, மூச்சுத் திணறலோ தலைசுற்றலோ வந்தால் உடனே தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டுக்கொண்டு 108ஐ அழையுங்கள்.