கட்டில் பழசு, மெத்தை புதுசு

வீட்டு உள்ளமைப்பு கேள்வி-பதில்
இந்த மாதம்: குழந்தைகள் அறை

நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். பத்துக்கு ஒன்பது அடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதை ஏழு வயது மகளுக்குத் தனி அறையாக்க ஆசை. கணவருக்கு ஒரகடத்தில் வேலை. நைட் ஷிப்ட் வாரங்களில் காலையில் வந்து அவரும் அங்கேதான் தூங்குவார். இந்தப் பக்கத்துக் காயலான் கடைகளில் கம்பெனிகளில் சரக்கு ஏற்றும் பேலட் மரத்தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் கட்டில் செய்யலாமா? கையில் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது.
— ஒரு வாசகி, மணிமங்கலம்

தாராளமாகச் செய்யலாம். மரம் வாங்கப் புறப்படும் முன், எது பழசாக இருக்கலாம், எது புதுசாக இருந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற பொருளைப் பழசாக வாங்கலாம். மரச்சட்டம், இரும்புக் கட்டில், மேசை, ஸ்டூல் எல்லாம் இதில் சேரும். பஞ்சோ ஃபோமோ அடைத்த எதுவும் பழசு வேண்டாம். உங்கள் பத்தாயிரத்தில் பாதியை முதலிலேயே மெத்தை, தலையணைக்கென்று எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில்தான் மற்றதெல்லாம்.

இனி பேலட். நாடு விட்டு நாடு போகும் பேலட்டின் பக்கவாட்டில் ஒரு முத்திரை இருக்கும். கோதுமைக் கதிர் போல ஒரு படம், பக்கத்தில் நாட்டின் குறியீடும் ஒரு எண்ணும், கூடவே இரண்டு ஆங்கில எழுத்துகள். அவை ‘எச்.டி.’ என்றிருந்தால், பூச்சி சாக மரத்தைச் சூடேற்றியிருக்கிறார்கள். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த மரத்தை வாங்குங்கள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்ட மரம். குழந்தை தூங்கும் அறைக்கு அது வேண்டாம். முத்திரையே இல்லாதது உள்நாட்டுச் சரக்கு ஏற்றியதாக இருக்கலாம். அதன் மேல் என்ன கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் தொடாதீர்கள். நீல வண்ணம் அடித்தவை பெரும்பாலும் பேலட்டை வாடகைக்கு விடும் நிறுவனங்களின் சொத்து, அவற்றையும் விட்டுவிடுங்கள். ‘கம்பெனியிலேயே கிடக்கிறதே’ என்று கணவர் கேட் பாஸ் இல்லாமல் ஒன்றைக்கூடத் தூக்கி வர வேண்டாம். கடையில் பில் போட்டு வாங்குங்கள்.

பரவலாகக் கிடைப்பது 1200-க்கு 1000 மில்லிமீட்டர் அளவு. இரண்டை, 1200 பக்கம் ஒன்றோடொன்று ஒட்டும்படி சேர்த்தால் ஆறரை அடி நீளம், நான்கு அடி அகலம் வந்துவிடும். மகளுக்குத் தாராளம், பகலில் அப்பாவும் காலை நீட்டிப் படுக்கலாம். ஒரே அடுக்கு என்றால் உயரம் அரை அடிகூட வராது. நான்கு பேலட்டாக இரண்டு அடுக்கு போட்டு, போல்ட்டு நட்டு வைத்து இறுக்குங்கள். கிட்டத்தட்ட ஒரு அடி உயரம் கிடைக்கும். உருண்டு விழுந்தாலும் குழந்தைக்குப் பெரிதாக அடிபடாது.

பேலட்டில் அடித்திருப்பது முறுக்கு ஆணி, ஆணி பிடுங்கிக்கு லேசில் வராது. மல்லுக்கட்டினால் பலகைதான் பிளக்கும். வெளியே துருத்தும் தலைகளைச் சுத்தியலால் உள்ளே இறக்கி, மரத்தூளைப் பெவிகாலில் குழைத்து அந்தக் குழியில் அடைத்துவிடுங்கள். காய்ந்ததும் 80, 120, 220 என்று முரட்டிலிருந்து நைஸுக்கு மூன்று நம்பர் உப்புத்தாள் போடுங்கள். எப்போதும் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தேய்த்து முடித்தபின் கையால் தடவிப் பார்க்காதீர்கள். பழைய நைலான் சேலையின் முந்தானையை எடுத்து மரத்தின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். நூல் மாட்டி இழுக்கிற இடத்தில் சிராய் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே மட்டும் மறுபடி தேய்த்தால் போதும். முந்தானை தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால், தண்ணீர் கலந்து அடிக்கும் வார்னிஷ் இரண்டு கோட் கொடுங்கள். வாடை முழுக்கப் போன பிறகு மெத்தை போடலாம்.

கட்டிலை விட உங்கள் வீட்டுக்கு முக்கியம், கணவர் தூங்கும்போது மகள் அறைக்குள் வந்து போகும் விஷயம். யூனிபார்ம், புத்தகப் பை, வண்ணப் பென்சில் மூன்றும் கதவை ஒட்டி, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். தனியாக வாங்கும் பழைய பலகையில் இரண்டடி உயரத்துக்கு ஒரு திறந்த ஷெல்ஃப் அடித்தால் போதும். அவள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஜன்னலுக்கு உள்பக்கம் பழைய பவானி ஜமுக்காளம், வெளிப்பக்கம் பருத்திச் சேலை என்று இரண்டு திரை போடுங்கள். பகலில் ஜமுக்காளத்தை இழுத்துவிட்டால் வெளிச்சம் நின்றுவிடும்.

குழந்தையின் உயரத்துக்குச் சாமான் என்பது பணக்கார வீட்டு யோசனை அல்ல. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில்தான் குட்டி மேசை, குட்டி நாற்காலி போட்ட முதல் பள்ளியைத் திறந்தார். அவரே 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, பின்னர் கொடைக்கானலிலும் தங்கி, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். குழந்தை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்க முடிந்தால், பாதிச் சச்சரவு குறைந்துவிடும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய கட்டில், மேசை எல்லாம் மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
— ஒரு வாசகர், முடிச்சூர்

வாங்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், வாங்கியதை ஏற்றிவர மினி லோடு வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டேப்பும் டார்ச்சும் கையில் இருக்கட்டும்.

உங்கள் ஊரில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் யார் கேட்டாலும் நான் ஒன்றையே சொல்கிறேன்: கட்டை மரமும் இரும்பும் மட்டும் வாங்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீரில் ஊறினால் உப்பிப் போகும், பிறகு எந்த ஆசாரியாலும் சரி செய்ய முடியாது. பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஓரத்தைக் கவனித்தால் தூள் தெரிந்துவிடும்.

மரச்சாமானைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஊசி முனை அளவுத் துளைகளும், தட்டினால் மாவு போல உதிரும் தூளும் இருந்தால் உளுத்த மரம். கால்களின் அடியில் மண் ஒட்டிய கோடு தெரிந்தால் கரையான். கட்டிலின் மூலைகளிலும் ஸ்க்ரூத் துளைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். துருப்பிடித்தது போல் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருந்த வீட்டிலிருந்து வந்தது. இரும்புக் கட்டில் என்றால் அந்தக் காலத்து வைத்தியமே போதும். வாசலில் போட்டு, கொதிக்கும் தண்ணீரைச் சந்து சந்தாக ஊற்றுங்கள். மூட்டையும் முட்டையும் சூட்டில் சாகும். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நாடா கட்டிலின் பழைய சட்டம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். பழைய நாடாவை அறுத்துப் போட்டுவிட்டுப் புது நாடா பின்னச் சொன்னால், குழந்தைக்குக் காற்றோட்டமான கட்டில் தயார்.

மாமியார் வீட்டுப் பழைய இரும்பு பீரோவை மகன் அறைக்குக் கொண்டுவந்தோம். பெயின்ட் உரிகிறது. நானே சுரண்டிவிட்டுப் புதுசாக அடிக்கலாமா?
— ஒரு வாசகி, ஒரகடம்

அடிக்கலாம், ஆனால் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். நம் நாட்டில் வீட்டு பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதுவும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில், காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். சுரண்டும்போது பறக்கும் தூள் தரையில் படியும், குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல முடியாத நஞ்சு அது, மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

பீரோவை வெளியே எடுத்து, அடியில் பழைய பாலிதீன் விரித்து, பெயின்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேயுங்கள். சேறு போல வருவதைத் துணியால் துடைத்து, துணியோடு பாலிதீனில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடிக்கு ஊற்றாதீர்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே கூடாது. பிறகு மெட்டல் பிரைமர், அதற்கு மேல் புது பெயின்ட்.

ஒரு பக்கவாட்டுத் தகட்டுக்கு மட்டும் கரும்பலகைப் பெயின்ட் அடியுங்கள். இரும்பு என்பதால் சாக்பீஸால் எழுதவும் செய்யலாம், காந்தம் வைத்து டைம்டேபிளும் ஒட்டலாம். மரப்பலகையில் இந்த வசதி வராது.

முடித்ததும் பீரோவின் மேல்பகுதியை எல்-கிளாம்ப் வைத்துச் சுவரோடு திருகிவிடுங்கள். இழுப்பறையைப் படியாக்கி ஏறும் குழந்தைகள் மேல் அலமாரி சாய்ந்து உயிர்கள் போன பிறகுதான், 2016-ல் ஐக்கியா நிறுவனம் வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. அங்கே விற்றவை புதுசு, நம்முடையது தாத்தா காலத்துக் கனம்.

ஹாஸ்டல் மூடியபோது விற்ற இரட்டை அடுக்கு இரும்புக் கட்டில் ஒன்று கிடைத்தது. பையன்களுக்கு 9 வயதும் 5 வயதும். மேல் தட்டுக்குச் சண்டை போடுகிறார்கள்.
— ஒரு வாசகர், படப்பை

சண்டையை நான் தீர்த்துவைக்கிறேன்: ஆறு வயது ஆகாதவன் மேலே ஏறக் கூடாது. மேல் தட்டில் நான்கு பக்கமும் தடுப்பு வேண்டும். மெத்தை போட்ட பிறகும் அது ஐந்து அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும். ஹாஸ்டல் கட்டில்களில் ஒரு பக்கம் தடுப்பே இருக்காது, வெல்டிங் கடையில் கொடுத்துப் போட்டுவிடுங்கள். ஏணிப் படிகளை ஆட்டிப் பாருங்கள். லேசாக அசைந்தாலும் புது வெல்டிங் வைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து சீலிங் ஃபேன். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து இரட்டைக் கட்டில் வாங்குகிறவர்கள் மறக்கும் விஷயம் இது. மேல் தட்டில் முட்டி போட்டுக் கையைத் தூக்கினால் ஒன்பது வயதுப் பையனுக்கு இறக்கை எட்டிவிடும். கட்டிலை மூலைக்குத் தள்ளினால் மட்டும் போதாது. அந்த அறையில் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை போட்ட சுவர் ஃபேன் மாட்டுங்கள். அந்தச் செலவுக்கு வழியில்லை என்றால், இரண்டு தட்டையும் பிரித்துத் தனித்தனிக் கட்டிலாகப் போட்டுவிடுங்கள்.

மகன் சுவர் முழுக்க கார்ட்டூன் படம் வேண்டும் என்கிறான். வீட்டு ஓனர் ஆணிகூட அடிக்க விடமாட்டார்.
— ஒரு வாசகி, மணிமங்கலம்

சுவரைத் தொடவே வேண்டாம். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியை நான்காக மடித்துத் தைத்து, மேல் ஓரத்தில் ஒரு பிரம்போ பி.வி.சி. பைப்போ நுழைத்து, ஜன்னல் கம்பியிலிருந்து கதவு மேல்சட்டம் வரை கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். துணி பெயின்ட்டில் அவனே வரையட்டும். அலுத்தால் மறுபக்கம் இருக்கிறது, வீடு மாறினால் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

என்ன வரைவது என்று அவன் கேட்டால், உங்கள் ஊரிலேயே கதை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்று மணிமங்கலம் என்று கூரம் செப்பேடு சொல்கிறது. யானை, குதிரை, கொடி எல்லாம் வரைய இடம் உண்டு. கார்ட்டூன் வீரனையும் நடுவில் ஒரு யானை மேல் ஏற்றிவிட்டால் அவனுக்கும் திருப்தி.

பழைய கார் டயருக்குக் கயிறு சுற்றி மகள் அறைக்கு ஸ்டூல் செய்யலாமா?
— ஒரு வாசகி, சுங்குவார்சத்திரம்

அறைக்குள் வேண்டாம். நம் வெயிலில் ரப்பர் வாடை போகாது. கயிற்றின் இடுக்கில் தூசி சேரும். வாசலில் வைக்கலாம், பெங்களூருவில் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் என்ற அமைப்பு பழைய டயர்களை வைத்தே பள்ளிகளில் விளையாட்டுத் திடல் அமைக்கிறது. எங்கே வைத்தாலும் டயரின் அடிப்பக்கம் நான்கைந்து துளை போடுங்கள். தேங்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில்.

எல்லாம் பழசாக வாங்கியதில் மகளுக்கு வருத்தம். ‘என் ஃப்ரெண்ட் வீட்டில் எல்லாம் புதுசு’ என்று அழுகிறாள். எப்படிச் சமாதானப்படுத்துவது?
— ஒரு வாசகி, மணிமங்கலம்

சிக்கனம் பற்றி உபதேசம் செய்யாதீர்கள், சின்ன வயதில் யாருக்கும் அது இனிக்காது. அவளுக்கென்று ஒரு பொருளை முழுதாகப் புதுசாக வாங்கிக் கொடுங்கள். படிப்பு விளக்கோ போர்வையோ, கடைக்கு அழைத்துப் போய் அவளே எடுக்கட்டும். வண்ணம் அடிக்காத பழைய மர நாற்காலி ஒன்றை அவள் பொறுப்பில் விட்டுவிடுங்கள். உப்புத்தாள் போடுவதும் பிரஷ் பிடிப்பதும் அவள் வேலை, ஆணியும் சுத்தியலும் உங்கள் வேலை. தோழி வீட்டு நாற்காலியைக் கடைக்காரர் செய்தார், இதைத் தான் செய்தோம் என்பதை நீங்கள் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வருகிறவர்களிடம் அவளே சொல்லிக்கொள்வாள்.

நிறமும் அவள் விருப்பம்தான். பளீர் ரோஸ் என்றால் பளீர் ரோஸ். உங்கள் ரசனையை ஹாலில் காட்டிக்கொள்ளுங்கள்.