ரைமிங் செயின்: கழற்றுமுன் சோதித்தறிவோம்

கிராமத்தில் ஒரு வான் நின்றுவிட்டால் மரக்கறி சந்தைக்குப் போகாது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. எஞ்சினின் முன்பக்கத்தில் சத்தம் கேட்டதுமே செயினை மாற்றச் சொல்வோர் உண்டு. ஓடுமட்டும் ஓடட்டும் என்று விடுவோரும் உண்டு. இரண்டும் நட்டத்திலேயே முடியும்.

கிராங் தண்டு இருமுறை சுற்றும்போது காம் தண்டு ஒருமுறை சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது ரைமிங் செயின். அதன் ஊசிகளும் குழல்களும் தேயத் தேயச் செயின் நீளுகிறது. வால்வுகள் பிந்தித் திறக்கின்றன, இழுவை குறைகிறது. மிகவும் தளர்ந்தால் செயின் பல் தாண்டும். பல எஞ்சின்களில் அப்போது பிஸ்ரன் மோதி வால்வுகள் வளைந்துவிடும்.

உங்கள் எஞ்சினில் செயின் உண்டா என்பதை முதலில் அறியுங்கள். டொயோட்டா 2எல், 3எல் டீசல் எஞ்சின்களில் இருப்பது பெல்ற். செயின் உள்ளதானால் இவ்வாறு சோதியுங்கள்:

1. ஒயில் மட்டத்தைப் பாருங்கள். பல எஞ்சின்களில் செயினை இறுக்கிப் பிடிப்பது ஒயிலின் அழுத்தமே. குறைந்திருந்தால் நிரப்பிய பின் மீண்டும் கேளுங்கள்.

2. இரவு முழுதும் நின்ற எஞ்சினைக் காலையில் இயக்குங்கள். முன்மூடிக்குள் கலகலவென்ற சத்தம் ஓரிரு விநாடிகளில் அடங்காமல் நீடித்தால் செயினையும் அதன் இறுக்கியையும் சந்தேகியுங்கள்.

3. எஞ்சினை நிறுத்தி, காற்றாடி பெல்ற்றைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் மறைந்தால் குற்றவாளி செயின் அல்ல. தண்ணீர்ப் பம்பியின் அல்லது டைனமோவின் பெயாரிங்.

4. காம் தண்டால் சுழலும் டிஸ்ரிபியூற்றர் உள்ள பழைய வாகனங்களில், பற்றரி வயரைக் கழற்றி, கியரை நியூற்றலில் வையுங்கள். மூடியைத் திறந்து, கிராங் தண்டைச் சாவியால் முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்புங்கள். றோற்றர் அசையுமுன் கிராங் 10 பாகைக்கு மேல் வீணாகத் திரும்பினால் செயின் தளர்ந்துள்ளது.

5. ஒயில் அளவுகோலில் பால்தேநீர் நிறம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். டொயோட்டா 22ஆர் எஞ்சினில் வழிகாட்டித் தகடு உடைந்தபின் செயின் முன்மூடியை அராவி, றேடியேற்றர் தண்ணீரை ஒயிலுடன் கலக்கச் செய்வதுண்டு.

கணினி பொருத்திய புதிய வாகனங்களில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் குறியீட்டை வாசிக்கச் சொல்லுங்கள். பீ0016 என்பது கிராங், காம் தண்டுகளின் நிலை ஒத்துப்போகவில்லை என்பதாகும். செயின் நீண்டதால் மட்டுமன்றி, உணரியின் பழுதாலும் அழுக்கு ஒயிலாலும் அது வரலாம்.

செயின்தான் பழுது என்று உறுதியானால் பற்சில்லுகள், இறுக்கி, வழிகாட்டித் தகடுகள் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பற்களில் பூட்டிய புதுச் செயின் விரைவில் தேயும்.

பயிற்சி: நாளைக் காலை உங்கள் வாகனத்தை ஒருவர் இயக்க, நீங்கள் முன்னால் நின்று செவிகொடுங்கள். நல்ல எஞ்சினின் ஓசையை அறிந்தவருக்கே கெட்ட ஓசை விளங்கும்.