காப்பகத்தில் ஒரு பேரேடு

பூந்தமல்லி

அன்புள்ள பாப்பா,

குத்தம்பாக்கம் காப்பகத்தில் பூனைக்குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டதை உன் அம்மா சொன்னாள். கூண்டுகளில் தொங்கிய பெயர் அட்டைகளை நீ கழற்றிவிட்டாயாம். செத்த பூனைகளைப் பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாது என்கிறாயாம். உன் வேதனை எனக்குப் புரிகிறது, கண்ணு. ஆனால் அவற்றை மறப்பது உயிரோடிருக்கிற பூனைகளுக்கு நல்லதில்லை.

வாந்தி, பேதி, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்காருவது, ரத்தத்தில் வெள்ளையணு சரிவது எல்லாமே பூனைப் பார்வோ வைரஸ் நோயின் அடையாளம். நெடுஞ்சாலை ஓரத்தில் அட்டைப்பெட்டியில் விட்டுப்போன குட்டிகளுக்கு யார் தடுப்பூசி போட்டிருப்பார்கள்? ஊசி போடாத குட்டிக்கு அது வந்தால் பிழைப்பது அரிது. நீ ராத்திரியெல்லாம் விழித்து டிரிப்ஸ் ஏற்றினாய். அவை உன் மடியில் சூட்டோடு போயின. அந்தக் குட்டிகளுக்கு அதுவும் பெரிது.

அந்தக் கிருமி ஓர் அறையில் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றாதே, கிருமியும் சாகாது, பூனைக்கும் அது நஞ்சு. முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவு, பிறகு பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிடு. புதிதாக வரும் குட்டியை இரண்டு வாரம் தனியாக வை. ஆறாவது வாரத்திலிருந்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை ஊசி. எந்தக் கூண்டில் எது, எந்தத் தேதியில் செத்தது என்று எழுதியிருந்தால்தான் எந்த அறையைப் பூட்டவேண்டும் என்பது தெரியும்.

பிராணியைப் பற்றி எழுதிவைப்பது நமக்குப் புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய 1,400 வருஷத்துக்கு முன்பு, ஒரு நாய்க்குப் பெயரும் அது செய்த காரியமும் கல்லில் ஏறின. நமக்குக் கல் வேண்டாம், தடித்த அட்டை போட்ட பேரேடு ஒன்று போதும்.

பூனைக்கு ஒரு பக்கம். எங்கிருந்து வந்தது, என்ன பழக்கம், யாரிடம் ஒட்டியது, எப்படிப் போனது. இரண்டே நாள் இருந்து பெயர் வைக்குமுன் போன குட்டிக்கும் ஒரு பக்கம் கொடு. நிறம் எழுதினால் போதும். மாதத்துக்கு ஒருமுறை டாக்டரோடு உட்கார்ந்து புரட்டு. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடமும் முதல் நாளே அதைக் கொடு, அவர்கள் படிக்கட்டும்.

கிழப்பூனை கறுப்பியின் பக்கத்தை மட்டும் எனக்கு விட்டுவை. சிறுநீரகம் பழுதாகித்தான் போனாள், ஆனால் அதற்குமுன் ஒற்றைக் கண்ணோடு அரிசி மூட்டைக்கடியில் எலி பிடித்தவள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு வருகிறேன், உட்கார்ந்து எழுதலாம்.

உன் பெரியம்மா