வார்சா: வரைபடங்களால் மீண்ட நகரம்

ஐரோப்பியத் தலைநகரங்கள் என்றவுடன் இலண்டன், பாரிசு, ரோம் ஆகிய பெயர்களே நம் நினைவுக்கு முதலில் வரும். ஆயினும், வரலாறு பயிலும் மாணவனாகிய என் உள்ளத்தை அவற்றினும் மிகுதியாகக் கவர்ந்த நகரம், போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவே. பல நூற்றாண்டுப் பழமை உடையதாகத் தோன்றும் அதன் 'பழைய நகரம்' என்னும் பகுதி, உண்மையில் 1945ஆம் ஆண்டிற்குப் பின் கட்டப்பட்டதாகும். இவ்விந்தை நிகழ்ந்தது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

தலைநகரான வரலாறு

விஸ்துலா ஆற்றின் கரையில் அமைந்தது வார்சா. முற்காலத்தில் போலந்தின் தலைநகராக விளங்கியது கிராக்கோ. போலந்தும் லித்துவேனியாவும் ஒரே மன்னரின் ஆட்சியில் இணைந்தபின், இரண்டிற்கும் இடைப்பட்ட வார்சாவில் நாடாளுமன்றம் கூடலாயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் சிகிஸ்மண்ட் மன்னர் தம் அரசவையை இங்கு மாற்றத் தொடங்கினார். 1644இல் அவருடைய மகன் எழுப்பிய நினைவுத் தூண் இன்றும் அரண்மனை முன்றிலில் நிற்கிறது.

1791 மே 3ஆம் நாள் இவ்வரண்மனையில் புதிய அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. ஆனால் 1795க்குள் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் போலந்தைப் பங்கிட்டுக் கொண்டன. 1918 வரை, 123 ஆண்டுகள், போலந்து என்றொரு சுதந்திர நாடே இல்லை.

அவ்விருண்ட காலத்தில், 1867இல், வார்சாவில் பிறந்தவரே மேரி கியூரி அம்மையார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டிருந்ததால், வீடு வீடாக இடம் மாற்றி மறைவாக நடந்த 'பறக்கும் பல்கலைக்கழக'த்தில் அவர் பயின்றார். 1898இல் தாம் கண்ட புதிய தனிமத்திற்கு, அடிமைப்பட்டிருந்த தம் நாட்டின் பெயரால் 'பொலோனியம்' என்று பெயரிட்டார். இசைமேதை ஷோபான் 1849இல் பாரிசில் மறைந்தார். அவருடைய இதயம் மட்டும் தாயகம் கொண்டுவரப்பட்டு, வார்சாவின் திருச்சிலுவை ஆலயத் தூணொன்றில் வைக்கப்பட்டுள்ளது.

பேரழிவு

1939 செப்டம்பரில் இட்லரின் படைகள் போலந்தின்மீது பாய்ந்தன. 1940இல் யூதர்கள் சுவரால் சூழப்பட்ட ஒரு பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்கு வாடினர். 1942இல் அவர்களுள் பெரும்பாலோர் திரெப்ளிங்கா கொலைமுகாமிற்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோருள் ஒரு பகுதியினர் 1943 ஏப்ரலில் ஆயுதமேந்திப் போராடினர்.

1944 ஆகஸ்டு 1ஆம் நாள் நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 63 நாள்கள் நீடித்த அப்போரில் ஒன்றரை இலட்சம் பொதுமக்களேனும் மாண்டனர். பின்னர், எஞ்சியோரை வெளியேற்றிவிட்டு, நாஜிகள் தெருத்தெருவாகத் தீயிட்டும் வெடிவைத்தும் நகரைத் தகர்த்தனர். வரலாற்றுச் சிறப்புமிக்க நடுப்பகுதியில் 85 விழுக்காட்டிற்கும் மேல் அழிந்தது.

தாள்கள் காத்த நகரம்

இடிபாடுகளிலிருந்து பழைய நகரைத் துல்லியமாக எழுப்ப உதவியவை இரண்டு. ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டில் அரசவை ஓவியராயிருந்த பெல்லொட்டோ தீட்டிய தெருக்காட்சிகள். வீடுகளின் முகப்பும் சன்னலும் கூரையும் அவற்றில் நுணுக்கமாக இடம்பெற்றிருந்தன.

மற்றொன்று, நம்மைப் போன்ற மாணவர்களின் உழைப்பு! வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் போருக்கு முன்பே பழங்கட்டடங்களை அளந்து வரைந்து வைத்திருந்தனர். அவ்வரைபடங்கள் எரியும் நகரிலிருந்து மறைவாக வெளியே கொண்டுசெல்லப்பட்டு, பியோத்ர்குவ் நகரத்து மடாலயம் ஒன்றில் ஒளித்து வைக்கப்பட்டன. அன்று பாடமாக வரைந்த கோடுகளே பின்னாளில் ஒரு தலைநகரின் உயிலாயின.

காண வேண்டியவை

பழைய நகரச் சந்தைச் சதுக்கம் 1953இல் பொலிவுடன் மீண்டது. பொதுமக்கள் நன்கொடையால் எழுந்த அரசர் அரண்மனை 1984இல் திறக்கப்பட்டது. பெல்லொட்டோவின் ஓவியங்கள் இன்று அங்கேயே உள்ளன. 1980இல் யுனெஸ்கோ பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வாசியென்கிப் பூங்காவில் ஷோபானின் சிலையருகே, 1959 முதல் கோடைக்கால ஞாயிறுகளில் பியானோ இசை நடைபெற்று வருகிறது. 1955இல் சோவியத் நாடு கட்டிக்கொடுத்த பண்பாட்டு, அறிவியல் மாளிகை 237 மீட்டர் உயரமுடையது. நகரச் சின்னமான வாளேந்திய நீரரமகளின் சிலையும் காணத்தக்கது.

மீளாதது

எனினும் ஒன்றை மறத்தலாகாது. போருக்கு முன் வார்சா மக்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் யூதர். அவர்கள் வாழ்ந்த முரானுவ் பகுதி பழைய வடிவில் எழவில்லை. இடிபாடுகளின் மேலேயே புதிய குடியிருப்புகள் அமைந்தன. போலந்து யூதர்களின் ஆயிரமாண்டு வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் இன்று அங்கு உள்ளது. சுவரையும் கூரையும் வரைபடம் மீட்டுத் தரும். அவற்றினுள் வாழ்ந்த மக்களை எந்த வரைபடம் மீட்டுத் தரும்? சந்தைச் சதுக்கத்தின் அழகைக் காணச் செல்வோர், முரானுவின் தெருக்களிலும் சிறிது நேரம் நடந்து வருதல் வேண்டும் என்பதே என் கருத்து. இரண்டையும் கண்டவரே வார்சாவை முழுமையாகக் கண்டவராவர்.